ஒரு டாங்கி டீசல் எவ்வளவு தூரம் போகும்?

நள்ளிரவு கழிந்து அரை மணி இருக்கும். திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் எங்கள் எதிர்வீட்டில் திடீரென்று விளக்கு எரிந்தது. கதவு திறக்கும் ஓசை, பெண்களின் பதற்றக் குரல், பிறகு டீசல் வண்டி ஒன்று உறுமிக் கிளம்பும் சத்தம். எதிர்வீட்டு நண்பரின் மகளுக்குப் பிரசவ வலி கண்டுவிட்டது என்று புரிந்துகொண்டோம்.

நண்பர் எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர். வீட்டில் மகன், மருமகள், மகள், பேரப்பிள்ளைகள் என்று கூட்டம். இந்தக் கூட்டத்துக்காகவே ஏழு பேர் உட்காரக்கூடிய பெரிய டீசல் வண்டி ஒன்றை இரண்டாம் கையாக வாங்கி வைத்திருக்கிறார். கம்பெனிப் பெயர் எதற்கு? நடந்த சங்கடத்துக்குக் கம்பெனி பொறுப்பல்ல.

போகவேண்டிய இடம் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி. ஐந்தாறு கிலோமீட்டர்தான். வண்டியில் எண்ணெய் காட்டும் முள் கால் டாங்கியில் நின்றது. ஆனால் தண்டையார்பேட்டை வந்ததும் வண்டி இரண்டு முறை இருமிற்று, நடுரோட்டில் நின்றுவிட்டது. நல்ல வேளை, ஆட்டோ ஒன்று வந்தது. தாயும் மகளும் அதில் ஏறிப் போனார்கள். விடிவதற்குள் ஆண் குழந்தை பிறந்தது. இருவரும் சுகம்.

வண்டி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. மகன் ஓடிப்போய் கேனில் ஐந்து லிட்டர் டீசல் வாங்கி வந்து ஊற்றினான். சாவியைத் திருப்பினான். கிளம்பவில்லை. பாட்டரி களைத்துப் போகும் வரையில் திருப்பிப் பார்த்தான். ஊஹும்!

காலையில் மெக்கானிக் வந்தார். ஒரே நிமிஷத்தில் விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"நைனா, டாங்கி காலி. முள்ளு பொய் சொல்லுது. காலியானப்போ லைன்ல ஏர் புடிச்சுக்கிச்சு. ஏர் எடுக்காம நீ அஞ்சு லிட்டரு இல்ல, அம்பது லிட்டரு ஊத்தினாலும் ஸ்டார்ட் ஆவாது."

டீசல் பில்டருக்கு மேலே இருக்கும் சின்னக் கைப்பம்பைப் பத்து நிமிஷம் அமுக்கினார். குழாயிலிருந்து நுரை நுரையாகக் காற்று வந்தது. பிறகு சுத்தமான டீசல் வந்தது. வண்டி கிளம்பிவிட்டது.

அன்று மாலை நண்பர் என்னிடம் வந்து வருத்தப்பட்டார். "லிட்டருக்குப் பதினாலு தரும்னு வித்தவன் சொன்னான் சார். அந்தக் கணக்குப் பிரகாரம் இன்னும் நூறு கிலோமீட்டர் ஓடியிருக்கணும்."

விற்றவர் சொன்ன கணக்கு. முள் காட்டிய கணக்கு. இரண்டையும் நம்பினார் நண்பர். தன் கணக்கு என்று ஒன்று வைத்துக்கொள்ளவில்லை. பழைய குடும்ப வண்டி வைத்திருக்கும் அநேகம் பேரின் நிலைமை இதுதான். ஆகையால் அந்தக் கணக்கை இந்த ஞாயிற்றுக்கிழமையில் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

சுமோ முதல் இன்னோவா வரை

ஒரு காலத்தில் பெரிய குடும்பம் பிரயாணம் போவதென்றால் அம்பாஸடர் காரில் எட்டுப் பேர் நெருக்கி உட்காருவார்கள். இல்லாவிட்டால் வாடகை வான். 1994ஆம் ஆண்டில் டாட்டா கம்பெனியார் சுமோவைக் கொண்டுவந்தார்கள். ஜப்பான் மல்லர்களின் பெயர் என்று பலர் நினைப்பதுண்டு. அப்படியல்ல. அந்தக் கம்பெனியை வளர்த்த சுமந்த் மூல்காவ்கர் என்பவரின் பெயரிலிருந்து எடுத்த எழுத்துக்களே 'சுமோ' ஆயின. 2000ஆம் ஆண்டில் மஹிந்திராவின் பொலேரோவும் டொயோட்டாவின் குவாலிஸும் வந்தன. 2002இல் ஸ்கார்பியோ. 2005இல் குவாலிஸ் விடைபெற, அதன் இடத்தில் இன்னோவா வந்து அமர்ந்தது. 2019இல் சுமோவின் உற்பத்தியும் நின்றது.

வட சென்னைக்கும் மோட்டார் தொழிலுக்கும் உள்ள உறவு இவற்றைவிடப் பழையது. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், அடுத்த ஆண்டே எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி அனுப்பிற்று. 1955இல் அது அசோக் லேலண்ட் ஆயிற்று. திருவொற்றியூரில் என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை எழுந்தது. சற்று மேற்கே திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையிலிருந்து மிட்சுபிஷி பஜேரோ என்னும் பெரிய வண்டிகளும் வெளிவந்தன. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்லக்கூடியவர்கள் இந்தப் பக்கத்தில் தெருவுக்கு இரண்டு பேர் இருப்பதில் ஆச்சரியமில்லை.

அப்படிப்பட்ட ஊரில்தான் சுமோக்களும் குவாலிஸ்களும் பொலேரோக்களும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆடி மாதம் பெரியபாளையம், ஆவணியில் வேளாங்கண்ணி, நடுவில் திருப்பதி, கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் இந்த ஒரே வண்டிதான்.

அளப்பது எப்படி?

"உங்கள் வண்டி லிட்டருக்கு எவ்வளவு தருகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே பதில் வரும். "எப்படி அளந்தீர்கள்?" என்று கேளுங்கள். பதில் வராது!

புது வண்டிக்குக் கம்பெனி விளம்பரத்தில் ஓர் எண் இருக்கும். அது சோதனைச் சாலையில், வண்டியை உருளைகளின் மேல் நிறுத்தி, குறித்த வேகத்தில், குறித்த நேரம் ஓட்டிக் கண்ட எண். ஒரு வண்டியை இன்னொரு வண்டியோடு ஒப்பிட அது உதவும். ஆனால் அந்த உருளைக்குத் திருவொற்றியூர் ஹை ரோடு தெரியாது. குறுக்கே வரும் மாட்டையும் மீன்பாடி வண்டியையும் அது கண்டதில்லை. பதினைந்து வருஷம் தேய்ந்த எஞ்சினையும் கண்டதில்லை.

சரியான முறை மிகவும் எளிது. செலவு, ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும்தான்.

பங்க்கில் டாங்கியை நிறைத்துக் கொள்ளுங்கள். குழாய் தானாக 'டக்' கென்று நின்றவுடன் நிறுத்தச் சொல்லுங்கள். ரூபாயை முழுசாக்குவதற்காக மேலும் ஊற்றக் கூடாது. மீட்டரில் உள்ள கிலோமீட்டரைக் குறித்துக் கொள்ளுங்கள். பிறகு வழக்கம்போல் ஓட்டுங்கள். அளப்பதற்காக ஒழுங்காக ஓட்டி உங்களையே ஏமாற்றிக் கொள்ள வேண்டாம்! முக்கால் டாங்கி தீர்ந்ததும் அதே பங்க்கில், அதே குழாயில், அதே முறையில் நிரப்புங்கள். இப்போது எத்தனை லிட்டர் பிடித்ததோ அதுவே நீங்கள் செலவழித்த டீசல். ஓடிய கிலோமீட்டரை அந்த லிட்டரால் வகுங்கள்.

ஒரு தடவை அளந்தால் போதாது. மூன்று தடவை வேண்டும். நண்பர் அப்படியே செய்தார். முதல் தடவை 342 கிலோமீட்டருக்கு 38 லிட்டர். இரண்டாவது, 315 கிலோமீட்டருக்கு 36 லிட்டர். மூன்றாவது, 333 கிலோமீட்டருக்கு 36 லிட்டர். மொத்தம் 990 கிலோமீட்டர், 110 லிட்டர்.

வகுத்துப் பார்த்தார். லிட்டருக்கு 9 கிலோமீட்டர்!

பதினாலு எங்கே, ஒன்பது எங்கே? "இவ்வளவு நாளாக இந்தக் கண் எங்கே போயிருந்தது?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

எண்ணெய்க் கிடங்கின் நடுவே

நண்பருக்கு இன்னொரு ஆற்றாமையும் உண்டு. "சுற்றி எல்லா இடத்திலும் எண்ணெய். நடுவில் நான் டீசல் இல்லாமல் நிற்கிறேன்!" என்பார்.

அவர் சொல்வது உண்மைதான். சென்னைத் துறைமுகக் கரையில் எண்ணெய்த் தொட்டிகள் நூறு வருஷத்துக்கு முன்பே இருந்தன. 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் தேதி இரவில் எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் குண்டு போட்டபோது பற்றி எரிந்தவை, துறைமுகத்தில் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகளே. இரண்டாவது உலகப் போரின்போது பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. அப்போது பஸ்களின் பின்னால் பெரிய உலையைக் கட்டி, கரியை எரித்து, அந்த வாயுவில் ஓட்டினார்கள். கரி பஸ்ஸில் ஏறி இறங்கினால் சட்டை என்ன நிறமாகும் என்பதை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

1965இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் கம்பெனி உருவாயிற்று. 1969இல் மணலியில் எண்ணெய் சுத்திகரிக்கத் தொடங்கிற்று. தொடக்கத்தில் அதன் சக்தி வருஷத்துக்கு 25 லட்சம் டன். இன்று அது சென்னை பெட்ரோலியம் என்ற பெயரில், 105 லட்சம் டன் சக்தியோடு நிற்கிறது. துறைமுகத்தில் இறங்கும் கச்சா எண்ணெய் குழாய் வழியே மணலிக்குப் போகிறது, அங்கே டீசலாகிறது.

ஆனால் மணலிக்குப் பக்கத்தில் குடியிருப்பதால் நமக்கு ஒரு சொட்டுக்கூட அதிகமாக வரப்போவதில்லை. டீசல் எங்கே பிறக்கிறது என்பதல்ல, எந்த ரோட்டில் எரிகிறது என்பதே கேள்வி.

நின்ற இடத்தில் குடிக்கும் டீசல்

டீசல் எஞ்சின் நல்ல எஞ்சின்தான். ஆனாலும் டீசலில் உள்ள சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் அது வேலையாக மாற்றுகிறது. மீதி ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் போய்விடுகிறது. கிடைத்த அந்த ஒரு பங்கும் எங்கே போகிறது?

ஆட்களோடு சேர்த்து இரண்டு டன்னுக்கு மேல் கனக்கும் வண்டியை நிற்கும் இடத்திலிருந்து கிளப்பி வேகத்துக்குக் கொண்டுவர டீசல் செலவாகிறது. நூறு கஜம் போனதும் பிரேக்கை மிதிக்கிறோம். சம்பாதித்த வேகம் முழுவதும் பிரேக் கட்டையில் சூடாகித் தொலைந்துவிடுகிறது. மறுபடி முதல் கியர், மறுபடி டீசல். இலேசான சின்னக் காருக்கு இந்த நஷ்டம் குறைவு. பெரிய வண்டிக்கு அதிகம். நெடுஞ்சாலையில் 12 தரும் வண்டி ஊருக்குள் 9 தருவதன் ரகசியம் இதுதான்.

அடுத்தது, நின்றுகொண்டே ஓடும் எஞ்சின். காசிமேட்டிலிருந்து கடலோரமாக எண்ணூர் போகும் எக்ஸ்பிரஸ் ரோட்டை அறியாதவர் யார்? துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி டிரெய்லர் லாரிகள் மைல் கணக்கில் கியூ நின்ற நாட்களை இங்கே குழந்தைகளும் அறியும். ரோடு அகலமாகியும் லாரி மறித்தால் இன்றும் அந்தப் பாடுதான்.

இத்தகைய பெரிய டீசல் எஞ்சின் சும்மா நின்று ஓடினாலே மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை குடிக்கும். ஏ.ஸி. போட்டிருந்தால் ஒரு லிட்டருக்குப் பக்கமாகவே இருக்கும். நாளைக்கு இருபது நிமிஷம் அப்படி நின்றால் போதும். மாதத்தில் 25 நாளுக்கு எட்டு மணிக்கு மேல் ஆகிறது. மணிக்கு முக்கால் லிட்டர் என்றால் மாதம் 6 லிட்டர்! லிட்டர் 90 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால் 540 ரூபாய். ஓர் அடிகூட நகராமல் கொடுக்கும் வரி இது.

நகராத இடத்தில் எஞ்சினை நிறுத்திவிட வேண்டியதுதான். "நிறுத்தி நிறுத்திக் கிளப்பினால் அதிக டீசல் ஆகும்" என்பது பழைய நம்பிக்கை. சூடேறிய எஞ்சினுக்கு அது பொருந்தாது. கேட் மூடிய ரயில்வே லெவல் கிராஸிங்கில் ஐந்து நிமிஷம் உறுமிக்கொண்டு நிற்பதைவிட நிறுத்துவதே லாபம்.

நெடுஞ்சாலையில் இதற்கு நேர்மாறான தவறு நடக்கிறது. அங்கே எதிரி, காற்று. இந்த வண்டிகள் உயரமானவை. முகம் அலமாரி போலச் சதுரமானது. வேகம் இரண்டு பங்கானால் காற்றின் தடை நாலு பங்காகும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிறவர் 90இல் போனால் எதிர்க் காற்றின் தடை இரண்டேகால் மடங்கு. 80 கிலோமீட்டர் வேகத்தில் போவதைவிட 45 முதல் 55 கிலோமீட்டரில் போனால் நூற்றுக்கு 40 வரை கூடுதல் தூரம் கிடைக்கும் என்று மத்திய அரசின் பெட்ரோலியச் சிக்கன ஆராய்ச்சிச் சங்கம் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. இன்றைய நாலுவழிச் சாலையில் 50இல் ஊர்வது நடவாது. ஆனால் 70 முதல் 75இல் நிற்கலாமே! அதோடு, கூரைமேல் உள்ள சாமான் காரியரைத் தேவையில்லாத நாளில் கழற்றி வைத்தால் காற்றும் சற்று விலகிப் போகும்.

கடற்காற்றும் கரித்தூளும்

மேலே சொன்னவை எந்த ஊருக்கும் பொருந்தும். வட சென்னைக்கென்றே சில சேஷ்டைகள் உண்டு.

முதலாவது, உப்புக் காற்று. கடலுக்கும் ரோட்டுக்கும் நடுவே சில இடங்களில் கருங்கல் குவியல் மட்டுமே இருக்கிறது. அலை சிதறினால் வண்டிமேல் படுகிறது. உப்பு, பிரேக் பகுதியில் துருவை ஏற்றுகிறது. காலை எடுத்த பிறகும் பிரேக் முழுதும் விடாமல் இலேசாகப் பிடித்துக்கொண்டே ஓடும். ஓட்டுகிறவருக்குத் தெரியாது, டீசலுக்குத் தெரியும். சோதனை சுலபம். சமதளத்தில் வண்டியை நியூட்ரலில் விட்டு ஒருவர் தள்ளிப் பார்க்கட்டும். அசைய மறுத்தால் சந்தேகப்படலாம். ஓடி நின்ற பின் ஒவ்வொரு சக்கரத்துக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கேதான் திருடன் இருக்கிறான். தொட்டுவிடாதீர்கள், சுடும்!

நண்பர் வண்டியில் பின்சக்கரம் ஒன்று அப்படித்தான் பிடித்துக்கொண்டிருந்தது. எண்ணெய் முள் பொய் சொன்னதற்கும் காரணம் அதுவேதான். டாங்கிக்குள் ஒரு மிதவை உண்டு. டீசல் குறையக் குறைய அது கீழே இறங்கி முள்ளை இறக்கும். துருவும் அழுக்கும் சேர்ந்து மிதவை நடுவில் சிக்கிக்கொண்டது. டாங்கி வற்றியும் முள் கால் பங்கில் நின்றது.

இரண்டாவது, தூசி. 2011 வரையில் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கினார்கள். ராயபுரத்து வீட்டுத் திண்ணைகளில் கரித்தூள் படிந்தது. உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் அது அந்த ஆண்டில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு மாறிற்று. எண்ணூர்ப் பக்கம் நிலக்கரித் தூசிக்கும் அனல் நிலையச் சாம்பலுக்கும் இன்றும் குறைவில்லை. நம் மூக்குக்கு ஆவது எஞ்சினின் மூக்குக்கும் ஆகும். ஏர் பில்டர் அடைத்துக்கொண்டால் டீசலுக்கு வேண்டிய காற்று கிடைப்பதில்லை. அரைகுறையாக எரிந்து கறுப்புப் புகையாக வெளியேறுகிறது. கம்பெனிப் புத்தகத்தில் எழுதிய கெடுவுக்கு முன்னாலேயே இங்கே பில்டரைத் திறந்து பார்ப்பது நல்லது. கறுப்புப் புகை என்பது எரியாமல் போகும் நம் பணம். அதைவிடக் கொடுமை, பின்னால் ஸ்கூட்டரில் வரும் குழந்தை அதைச் சுவாசிக்கிறது. ஏற்கெனவே புகைக்குப் பஞ்சமில்லாத பேட்டையில் நம் பங்குக்கு வேறு ஊத வேண்டுமா?

மூன்றாவது, டயர்க் காற்று. இதில் கால் பங்கு குறைந்தால் டீசல் செலவு நூற்றுக்கு இரண்டரை கூடும். டயரும் சீக்கிரம் தேயும். பதினைந்து நாளைக்கு ஒரு முறை, வண்டி சூடேறுமுன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நண்பர் பின் பிரேக்கைச் சரி செய்தார். ஏர் பில்டர், டீசல் பில்டர் இரண்டையும் மாற்றினார். நாசில்களைக் கழற்றிச் சோதித்தார். டாங்கியை இறக்கிக் கழுவி மிதவையை மாற்றினார். டயருக்குக் காற்று. பிறகு அளந்தபோது 38 லிட்டருக்கு 399 கிலோமீட்டர். அதாவது லிட்டருக்குப் பத்தரை! மாதம் 600 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு இதில் ஒன்பதரை லிட்டர் மிச்சம், 850 ரூபாய்.

வேளாங்கண்ணிக் கணக்கு

பேரன் பிறந்ததற்கு வேளாங்கண்ணியில் மொட்டை போடுவதாகப் பாட்டி வேண்டிக்கொண்டிருந்தாள். ஆகவே அடுத்த கேள்வி பிறந்தது. ஒரு டாங்கியில் போய்த் திரும்பலாமா?

பொலேரோவிலும் ஸ்கார்பியோவிலும் டாங்கி 60 லிட்டர், இன்னோவாவில் 55. நண்பர் வண்டியும் 60 லிட்டர். நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 12 என்றால் 720 கிலோமீட்டர். திருவொற்றியூரிலிருந்து வேளாங்கண்ணி ஏறத்தாழ 330 கிலோமீட்டர். போக வர 660. "அறுபது கிலோமீட்டர் மிச்சமே இருக்கிறது, தாராளமாகப் போகலாம்" என்றான் மகன்.

இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும்.

டாங்கியில் இருக்கும் கடைசி 10 லிட்டர் நம்முடையதல்ல, அவசரத்துடையது. பழைய டாங்கியின் அடியில் துருவும் தண்ணீரும் வண்டலும் தங்கியிருக்கும். டீசல் அடிமட்டத்துக்குப் போனால் அவை கிளம்பிப் பில்டரை அடைக்கும். முழுதும் தீர்ந்துவிட்டாலோ, ஏர் பிடித்துக்கொள்ளும் கதையைத்தான் முதலிலேயே பார்த்தோமே! பெட்ரோல் வண்டியில் பெட்ரோல் ஊற்றினால் பெரும்பாலும் கிளம்பிவிடும். பழைய டீசல் வண்டி அப்படியல்ல. சீர்காழிக்கும் காரைக்காலுக்கும் நடுவே, நள்ளிரவில், கைக்குழந்தையோடு ஏர் எடுத்துக்கொண்டு நிற்பது வேடிக்கையல்ல.

ஆகவே 60இல் 10 கழித்தால் 50. அந்த ஐம்பதை எந்த எண்ணால் பெருக்குவது? உங்கள் நோட்டுப் புத்தகத்திலேயே உள்ள மிகச் சிறந்த எண்ணால் அல்ல. அத்தகைய ரோட்டில் கண்ட மிகக் குறைந்த எண்ணால் பெருக்க வேண்டும். ஏழு பேர், ஏ.ஸி., கூரைமேல் சாமான், எதிர்க்காற்று எல்லாம் சேர்ந்தால் பன்னிரண்டு பதினொன்றாகும். 50ஐ 11ஆல் பெருக்கினால் 550. போக வர வேண்டியது 660. போதாது!

தூரத்தின் விதியை ஒரே வரியில் சொல்லிவிடலாம். டாங்கியில் பத்து லிட்டரைக் கழி. மீதியைக் குறைந்த மைலேஜால் பெருக்கு. வரும் எண்ணைத் தாண்டி வண்டியை நம்பாதே.

வழியில் எங்கே நிரப்புவது என்பதற்கும் யோசனை உண்டு. கடலோரப் பாதையில் புதுச்சேரியும் காரைக்காலும் குறுக்கே வருகின்றன. அங்கே டீசல் விலை தமிழ்நாட்டைவிடச் சற்றுக் குறைவாகவே இருந்து வருவது பழைய டிரைவர்கள் அறிந்த செய்தி. போகும்போதே காரைக்காலில் நிரப்பிக்கொண்டால் திரும்பி வீடு வரும் வரை கவலையில்லை.

விற்பதா, வைத்துக்கொள்வதா?

"பழைய வண்டி டீசலாகவே தின்கிறது, தள்ளிவிட்டுப் புதிது வாங்கலாம்" என்று மகன் இடையில் ஒரு பேச்சு எடுத்தான். இளவட்டங்களின் ஆசை! அதையும் நோட்டுப் புத்தகத்திலேயே கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

மாதம் 600 கிலோமீட்டர். பழைய வண்டி பத்தரை தந்தால் 57 லிட்டர். புதியது 15 தருவதாக வைத்துக்கொண்டால் 40 லிட்டர். மிச்சம் 17 லிட்டர். மாதம் 1,530 ரூபாய். வருஷம் 18,360 ரூபாய். ஏழு பேர் உட்காரும் புதிய டீசல் வண்டிக்குப் பத்து லட்சம் கடன் வாங்கினால், நூற்றுக்கு 9 வட்டி என்றால் முதல் வருஷ வட்டி மட்டும் 90,000 ரூபாய்க்குப் பக்கம் வரும். பதினெட்டாயிரம் மிச்சம் பிடிக்கத் தொண்ணூறாயிரம் கொடுப்பதா? மகன் நோட்டை மூடிவிட்டான்.

ஆனால் ஒரு வார்த்தை. மைலேஜுக்காக மட்டும் வண்டியை மாற்றாதீர்கள் என்பதே இதன் பொருள். எதற்காகவும் மாற்றாதீர்கள் என்பதல்ல. அடித்தட்டு துருப்பிடித்து ஓட்டை விழுந்தாலோ, பிரேக்கில் நம்பிக்கை போனாலோ, எவ்வளவு பழுது பார்த்தும் புகை நிற்காவிட்டாலோ, அப்போது டீசல் கணக்குப் பார்க்கக் கூடாது. உயிர்க் கணக்குத்தான் பார்க்க வேண்டும். சொந்த வண்டிக்குப் பதினைந்து வருஷம் முடிந்ததும் பதிவைப் புதுப்பிக்கச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை. அதை ஒரு தொந்தரவாக நினைக்காமல் வண்டிக்கு வைத்தியப் பரிசோதனையாக நினைப்பது நலம்.

இன்னொரு சிக்கனமும் உண்டு. ஒற்றை ஆள் ஐகோர்ட் பக்கம் போய்வர இரண்டு டன் வண்டியைக் கிளப்புவானேன்? 2021 பிப்ரவரியிலிருந்து மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரையில் வந்து நிற்கிறது. ஏழு பேர் ஏறும் வண்டியில் ஏழு பேர் ஏறினால், லிட்டருக்குப் பத்து என்பதே பெரிய லாபம். ஒருவர் மட்டும் ஏறினால் அதுவே பெரிய நஷ்டம்.

நோட்டுப் புத்தகம்

வேளாங்கண்ணிப் பிரயாணம் நல்லபடியாக முடிந்தது. போகும்போது 70க்கு மேல் ஓட்டக் கூடாது என்று பாட்டியே டிரைவர் ஸீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து காவல் காத்தாளாம். காரைக்காலில் நிரப்பினார்கள். பேரனுக்கு மொட்டை, பாட்டிக்கு நிம்மதி. வீடு திரும்பிய அன்றே நண்பர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணக்கை எழுதிவிட்டார். லிட்டருக்குப் பதினொன்றே முக்கால்.

"பன்னிரண்டு வரவில்லையே!" என்றேன்.

"வராட்டி என்ன சார்? பதினொன்றுக்குத்தான் தயாராப் போனோம். முக்கால் மிச்சம்" என்றார் அவர்.

அந்த நோட்டுப் புத்தகம் இப்போது வண்டிக்குள்ளேயே, டிரைவர் பக்கத்துப் பெட்டியில் இருக்கிறது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே பேரன் பிறந்த தேதி. அதற்கும் கீழே நண்பர் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறார்: 'முள்ளைப் பார்க்காதே, நோட்டைப் பார்.'